கிளாஸ் லைப்ரரி: மூன்று மரபுகளும் காமாக்ஷியின் எழுத்துக் கணக்கும்

சந்நிதியில் ஓதும் உரிமை யாருக்கு என்று வடகலையும் தென்கலையும் நீதிமன்றம்வரை போன ஊர் சின்ன காஞ்சிபுரம். ஆகவே, கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களும் கலை பிரிந்து நிற்கிறார்கள் என்றால் அவ்வூர்க்காரர்கள் வியக்கமாட்டார்கள். ஒருமுறை எழுதிய நிரலைப் பிறரும் எடுத்தாளும்படி கிளாஸ்களாக வகுத்து வைத்த தொகுப்புதான் கிளாஸ் லைப்ரரி. அதை எப்படிக் கட்டுவது என்பதில்தான் சண்டை.

கிளாஸ் பிறந்தது நார்வேயில், தாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில். லைப்ரரி மரபாக வேர்பிடித்தது அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்து ஸ்மால்டாக்-80இல். இதுவே முதல் மரபு. அங்கே எல்லா கிளாஸுக்கும் மூதாதை ஒன்றுதான். பட்டியலோ அகராதியோ, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் வழியை மட்டும் எழுதினால் போதும். தேடல் போன்றவை பரம்பரைச் சொத்தாக வந்துவிடும்.

சொத்தோடு வில்லங்கமும் வரும். ஜாவாவின் ஸ்டாக் கிளாஸைப் பாருங்கள். அடுக்கு என்றால் உச்சியில் வைத்து உச்சியில்தான் எடுக்க வேண்டும். அதை வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் வாரிசாக்கிவிட்டதால் நடுவிலும் செருகலாம். 1996இல் வெளிவந்த இந்தக் கோணல் இன்றும் நிமிரவில்லை. அதை நம்பி உலகமே எழுதிவிட்டது, இனி எங்கே திருத்துவது?

என் சாய்வு இரண்டாம் மரபின் பக்கம்: 1980களில் ஐஃபெல் மொழியை வகுத்த பெர்ட்ரண்ட் மேயரின் மரபு. ஒவ்வொரு செயலுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அழைப்பவர் எதை உறுதிசெய்ய வேண்டும், முடிந்தபின் லைப்ரரி எதை உறுதிசெய்யும் என்பதெல்லாம் நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும். காலி அடுக்கிலிருந்து எடுக்கக் கேட்டால் பிழை கேட்டவருடையது. பெயர்களிலும் கறார்தான். அடுக்கு, வரிசை, பட்டியல் எதுவானாலும் சேர்க்க 'புட்', பார்க்க 'ஐட்டம்', நீக்க 'ரிமூவ்'. பார்க்கும் செயல் எதையும் மாற்றக்கூடாது. ஒரு கிளாஸைப் பழகியவருக்கு நூறும் கைவந்துவிடும். 1994இல் இதற்கென்றே தனி நூல் எழுதினார் மேயர்.

அதே 1994இல் அலெக்சாண்டர் ஸ்டெபனோவின் லைப்ரரி சி பிளஸ் பிளஸ் தரத்துக்குள் ஏற்கப்பட்டது. இது மூன்றாம் மரபு. வரிசைப்படுத்தும் வழிமுறை தனியே, தரவைத் தாங்கும் அமைப்பு தனியே. மூதாதை யாரும் வேண்டாம்.

தமிழுக்கு வருவோம். 'எழில்' மொழியைப் படைத்த முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைதானுக்காக வளர்த்த ஓப்பன்-தமிழ் பெரும்பாலும் தனித்தனிச் செயல்களின் தொகுப்பு, மூன்றாம் மரபுக்கு நெருக்கம். அதன் தேவை எளிதில் விளங்கும். 'காஞ்சிபுரம்' எத்தனை எழுத்து என்று பைதானைக் கேட்டால் 11 என்கிறது. ககரம், கால், ஞகரம், புள்ளி என்று யூனிகோடு குறிகளைத் தனித்தனியே எண்ணுவதால் வரும் கணக்கு இது. திருப்பிப்போடச் சொன்னால் புள்ளி முன்னாலும் மகரம் பின்னாலும் வந்து விழும். ஓப்பன்-தமிழின் எழுத்துப் பிரிக்கும் செயலிடம் கொடுத்தால் கா, ஞ், சி, பு, ர, ம் என்று ஆறாக வரும். இதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தால் குறுக்கெழுத்துக்கு ஒரு கணக்கு, அகராதிக்கு ஒரு கணக்கு என்று ஆகிவிடும்.

ஆனால் மேயரை இங்கேயும் விட முடியாது. 'காமாக்ஷி' எத்தனை எழுத்து? கிரந்த வழக்கில் 'க்ஷி' ஒரே எழுத்து, ஆக மூன்று. யூனிகோடின் பொது விதியைப் பின்பற்றும் ஸ்விஃப்ட் மொழியில் 'க்' தனி, 'ஷி' தனி, ஆக நான்கு. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதைத் தேர்ந்தாலும் லைப்ரரி அதை ஒப்பந்தமாக எழுதிவைத்து, சோதனை நிரலிலும் 'காமாக்ஷி'யைச் சேர்க்க வேண்டும். பிறகு மனம் மாறினால் பழைய செயலின் விடையைச் சத்தமில்லாமல் மாற்றாமல், புதுப் பெயரில் இன்னொரு செயலாகத் தருவதே முறை.