தம் பாடலையே சாட்சியாக்கிய விசாரம்: பேருபதேசம் பற்றிய ஒரு வாசிப்பு

தமிழிலக்கியத்தில் சமயம் மாறியோர் பலர். தாம் பற்றி நின்ற சமயத்தைத் தம் அறிவுகொண்டு தாமே வினவி, அவ்வினாவைப் பிறர் கேட்க எடுத்துரைத்தவர் மிகச் சிலர். திருநாவுக்கரசர் சமணம் நீங்கிச் சைவம் திரும்பியமைக்குப் பெரியபுராணம் காட்டும் காரணம் சூலைநோய். மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளைப் பொறுமையுடன் கேட்கிறாள். எனினும் அவள் எடைபோடுவன பிறர் சமயங்களே. நீலகேசியில் வாதம் மிகுதி, தன்னை நோக்கிய வினா அரிது. இம்மரபில் வைத்து நோக்கும்போது, 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி வள்ளலார் நிகழ்த்திய பேருபதேசம் தனித்து நிற்கக் காண்கிறோம். அதனை உபதேசமாக அன்றித் தன்னாய்வாகப் படித்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

இந்நோக்கிற்கு நம் நாட்டுச் சூழலும் ஒரு காரணமாகும். ஜொகூர் மாநிலத்தில், 1970களில் அரசின் வட்டார வளர்ச்சித் திட்டத்தின்கீழ்ச் செம்பனை நிலங்களுக்கிடையே உருவான ஊர் பண்டார் தெங்காரா. இத்தகைய ஊர்களில் வாழும் தமிழர் பலருக்குச் சமயம் நூல்வழி வந்ததன்று; தோட்டத்து மாரியம்மன் கோயில் வழியாகவும், பாட்டி ஏற்றிய சூடத்தின் வழியாகவும் வந்தது. அங்கு அறிவியல் பயிலும் மாணவன் ஒருவன், தான் நம்புவதை ஏன் நம்புகிறான் என்று தன்னையே கேட்கத் தொடங்கினால், அவனுக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. கேட்கக் கூடாது என்பது ஒன்று. விட்டுவிடு என்பது மற்றொன்று. இது 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்த காலந்தொட்டு இங்கு வலுப்பெற்ற பகுத்தறிவு மரபு தரும் விடை. சாதி இழிவையும் வீண் செலவையும் கண்டித்த அளவில் பின்னதன் சமூகப் பயன் பெரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு விடைகளும் வினாவை விரைந்து முடித்துவைக்கவே முனைகின்றன.

பேருபதேசம் வினாவை முடித்துவைக்கவில்லை. அதன் மையச் சொல் ‘விசாரம்’. இன்றைய வழக்கில் கவலை என்று பொருள்படும் இச்சொல், அங்கே இடைவிடாத ஆராய்ச்சியைக் குறிக்கின்றது. மனிதன் தன் நிலை யாது, தன்னை நடத்தும் ஆற்றலின் நிலை யாது என்று தனித்தும், ஒத்த கருத்தினரோடு கூடியும் வினவ வேண்டும் என்கிறார் வள்ளலார். அறிவை மறைப்பது இராகம் முதலியவற்றாலான பச்சைத் திரை. அதனை நீக்கும் வெப்பம் விசாரத்தால் எழுவது. இராகமாவது பற்று. சமயப்பற்றும் அதனுள் அடங்கும் என்பதை உரையின் பிற்பகுதி தெளிவாக்குகின்றது. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகியவற்றிலும், சைவம், வைணவம் முதலிய சமயங்களிலும் இலட்சியம் வைக்கலாகாது எனக் கூறியவுடன் அவர் தம்மையே சான்றாகக் காட்டுகிறார். சைவத்தில் தாம் வைத்திருந்த பற்று அளவிடற்கரியது என்றும், அதனைத் தொழுவூர் வேலாயுத முதலியார் அறிவார் என்றும், திருவருட்பாவிலுள்ள தோத்திரங்களே அதற்குச் சாட்சி என்றும் மொழிகிறார். அந்நாளில் அத்தகைய பற்று இருந்தமைக்கு அவர் சொல்லும் காரணம், அன்று தமக்கிருந்த அறிவு சிறிது என்பதே.

இவ்விடத்தைச் சைவச் சார்புடையோர் அவையடக்கமாகக் கொள்வதுண்டு. இது பொருந்துமாறில்லை. நாயினும் கடையேன் எனத் தம்மைத் தாழ்த்திக்கொள்வது பக்தி மரபு. ஆனால் அங்கே தாழ்வது பாடுவோன், பக்தி தாழ்வதில்லை. பேருபதேசத்தில் தாழ்த்தப்படுவது பக்தியே. கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் உருகி நின்ற இளைஞனை ஐம்பது வயதினர் திரும்பிப் பார்த்து, அவன் அறிந்தது போதாது என்கிறார். அவன் பொய்யன் என்று கூறவில்லை என்பதையும் நாம் கருத வேண்டும். அவ்வுருக்கம் மெய்யே, அதன் இலக்கே மாறியது.

பேருபதேசம் வள்ளலார் கைப்பட எழுதியதன்று. கேட்டோர் குறித்து வைத்தது. கூறியது கூறலும் தொடர் முறிவும் அதில் உள. இதனைக் காட்டி அதன் நம்பகத்தன்மையை ஐயுறுவோர்க்கு வேறு சான்றுகள் உண்டு. 1865இல் அவர் நிறுவிய அமைப்பின் பெயர் சமரச வேத சன்மார்க்க சங்கம்; 1872இல் அது சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. ‘வேத’ என்னும் ஒரு சொல் நீங்கியதில் ஏழாண்டு விசாரம் அடங்கியுள்ளது எனலாம். பாடல்களும் இதற்கு அரண் செய்கின்றன. முதல் நான்கு திருமுறைகள் 1867இலும், ஐந்தாம் திருமுறை 1880இலும் அச்சேற, சமயங்களைக் கடிந்துரைக்கும் ஆறாம் திருமுறை 1885இல்தான் வெளிவந்தது. அடியார் உலகம் முதலில் அறிந்த வள்ளலார் வேறு, பின்னர் அறிந்தவர் வேறு. 1972இல் ஊரன் அடிகள் பாடல்களைக் கால முறையில் அமைத்துப் பதிப்பித்த பின்னரே, இம்மாற்றத்தைப் படிப்படியாகப் பின்தொடரும் வசதி வாசகர்க்கு வாய்த்தது. பதிப்பாசிரியரின் உழைப்பு திறனாய்வாளனுக்குக் கண்ணாகும் இடம் இது.

பகுத்தறிவாளர் வள்ளலாரைத் தம் முன்னோடியாகக் கொள்வதையும் நாம் முழுமையாக ஏற்றற்கியலாது. அவர் விசாரம் ஓரெல்லையில் நின்றுவிடுகின்றது. சாத்திரங்களையும் சமயங்களையும் வினவிய அறிவு, அருட்பெருஞ்ஜோதி ஆண்டவரை வினவவில்லை. மரணமிலாப் பெருவாழ்வையும் இறந்தோர் எழுவதையும் ஆய்வுக்கு உட்படுத்தவில்லை. இதனைக் குறையெனக் கூறுவதா, அவர் விசாரத்தின் இயல்பெனக் கூறுவதா? நாம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறோம். வங்கத்தில் தேவேந்திரநாத தாகூரின் பிரம்ம சமாஜம் வேதம் பிழையற்றது என்னும் கொள்கையை 1850 அளவில் கைவிட்டது. அங்கும் கடவுள் கைவிடப்படவில்லை. உருசியாவில் டால்ஸ்டாய் 1880ஐ ஒட்டி எழுதிய தன்னொப்புதல் நூலும் திருச்சபையின் போதனைகளை ஐயுற்றதேயன்றி இறைநாட்டத்தை விடவில்லை. ஆனால் பிரம்ம சமாஜத்தில் அது ஓர் அமைப்பினுள் எழுந்த விவாதத்தின் முடிவு. டால்ஸ்டாய் எழுதுமேசையில் தனித்திருந்து எழுதினார். வள்ளலாரோ தம் பழைய பாடல்களைப் பாடிப் பரவிக்கொண்டிருந்த அடியார் கூட்டத்தின்முன் நின்று, அப்பாடல்கள் பிறந்த பற்றினை விடுமாறு கூறினார். இதன் துணிவு பெரிது.

வடலூர்ச் சத்திய ஞானசபையில் 1872 முதல் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கிச் சோதி காட்டப்பெறுகின்றது. அதே நாளில் ஜொகூரில் காவடி எடுக்கப்பெறுகின்றது. கந்தனைப் பாடித் தொடங்கிய ஒருவரின் முதல் நிலையும் இறுதி நிலையும் ஒரே நாளில் இரு நிலங்களில் நிகழ்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. இந்நாட்டுத் தமிழர் நாவில் வள்ளலாராக வழங்குவன பெரும்பாலும் அவர்தம் தொடக்ககாலத் துதிகளே. அவற்றின் இனிமையில் குறையில்லை. ஆயின் பண்டார் தெங்காராவில் அவ்வினாவைக் கேட்கும் மாணவனுக்குத் தெய்வமணிமாலையை மட்டும் தந்து, ஆறாம் திருமுறையையும் பேருபதேசத்தையும் கண்ணிற் காட்டாது விடும் பாடத்திரட்டு, வள்ளலாரின் பாதி வாழ்க்கையையே அவனுக்குத் தருகின்றது. இரண்டையும் அடுத்தடுத்து, எழுதப்பெற்ற ஆண்டு குறித்து வைத்தால் போதும், விளக்கவுரை வேண்டுவதில்லை.