வராத கோளும் வந்த மண்சரிவும்

பூமியில் மோதப் பெருங்கோள் ஒன்று வந்துகொண்டிருப்பது மெய்தானா என்று, கண்டியில் நாம் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவன் அண்மையில் வினவினான். அவன் ஹந்தானை மலைச்சரிவிலுள்ள தோட்ட லயத்திலிருந்து வருபவன். கைப்பேசியில் கண்ட செய்தி அவன் உறக்கத்தைக் கெடுத்திருந்தது. நகைத்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அவ்வச்சத்தின் மூலநூலைத் தேடிப் படித்தோம்.

சக்கரியா சிச்சின் 1976இல் வெளியிட்ட 'பன்னிரண்டாவது கோள்' அந்நூல். 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிபிரு என்னும் கோள் நம்மருகே வந்து செல்வதாக மெசொப்பொத்தேமியக் களிமண் ஏடுகள் கூறுகின்றன என்பது அவர் வாதம். அவ்வேடுகளைக் கற்றறிந்தோர் இதனை ஏற்கவில்லை. பாபிலோனியர் மார்டுக் தெய்வத்தோடு இணைத்துச் சொன்ன விண்பொருளே நிபிரு. பலவிடங்களில் அது வியாழனைக் குறிக்கிறது. கவிஞனின் படைப்புக் கதையை வானியலாளனின் குறிப்பேடாக வாசித்ததே சிச்சினின் அடிப்படைப் பிழை. அழிவுக்கு நாள் குறித்தவர்களோ பின்வந்தோர். முதலில் 2003 என்றனர். பின்னர் 2012 டிசெம்பர் 21 என்றனர். இரண்டும் கழிந்தன.

மேலைநாட்டாரை எள்ள நமக்கும் உரிமையில்லை. 1962 பெப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கோள்கள் கூடியபோது, உலகம் அழியுமென அஞ்சி இந்தியாவில் யாகங்கள் பல நடந்தன.

கண்ணுக்குப் புலப்படாத கோளும் கணக்குக்குத் தப்புவதில்லை. யுரேனசின் நடையிற் கண்ட பிறழ்வைக் கொண்டே 1846இல் நெப்டியூனைக் கண்டுபிடித்தனர். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல் 10,000 மடங்கு தொலைவு வரை, அறியப்படாத சனியளவுக் கோள் எதுவும் இல்லை என்பதை வைஸ் விண்தொலைநோக்கியின் ஆய்வு 2014இல் காட்டியது.

அதே 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தொழிலாளர் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்தன.

இத்தகைய நூல்களின் தீமை இங்கேதான் விளங்குகிறது. வானிலிருந்து வரும் அழிவுக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மலைச்சரிவில் மக்களைக் குடிவைத்து, எச்சரிக்கைக்குப் பின்னும் அவர்களை அங்கேயே விட்டுவைத்தோர் பதில் சொல்லியாக வேண்டும்.

மாணவனுக்குப் பட்டினப்பாலையின் தொடக்கத்தை விளக்கினோம். வெள்ளிக்கோள் நெறிதவறிய காலத்தும் வற்றாத காவிரியைப் பாடி, வானத்திலிருந்து மண்ணுக்கு வருகிறார் அப்புலவர். பின்னர் அவனுடைய லயத்துக்கு மேலுள்ள சரிவைப் பற்றிக் கேட்டோம். அடைமழையில் மண் இறங்குகிறது என்றான். அச்சரிவை ஆராயவும், அங்குள்ளோருக்குப் பாதுகாப்பான நிலத்தில் வீடமைத்துத் தரவும் கோருவதே நாம் எழுப்பவேண்டிய குரல்.