லோமாக்ஸ்: கொட்டகையில் பிறக்கும் கார்

லோமாக்ஸ் 223, பிரிட்டனில் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடித்த மூன்று சக்கரக் கார். இரண்டு சிலிண்டர், இரண்டு இருக்கை, மூன்று சக்கரம், பெயரே விளக்கம். துருப்பிடித்த சிட்ரோயன் 2சிவி ஒன்றின் போல்ட்டுகளைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கிவிட்டால், 602 சிசி எஞ்சினும் கியர்பெட்டியும் அடிச்சட்டத்தோடு நிற்கும். அதன்மேல் கண்ணாடியிழைக் கூடு ஏறும். காற்றில் குளிரும் எஞ்சின், ஆகவே ரேடியேட்டர் தொல்லை இல்லை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்பதால், முன்சக்கரம் ஒற்றையாக உள்ள வண்டியைவிட வளைவில் பிரேக் பிடிக்கும்போது கவிழும் பயம் குறைவு. கியர்க்கோல் டாஷ்போர்டிலிருந்து குடைப்பிடிபோல நீண்டிருக்கும். இழுத்தும் தள்ளியும் திருப்பியும் போட வேண்டும், பழகிவிட்டால் சுகம். பள்ளம்தான் பகை. முன்சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தப்பினாலும், பின்சக்கரம் நேராக அதில்தான் இறங்கும்.