பரணும் காவலும்: மரபுரிமை பேணல் பற்றிய ஒரு நோக்கு

கால்நட்டு உயர்த்திக் கட்டப்படும் வீடுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தென்கிழக்காசிய மக்களின் வீடுகளையே பொருளாகக் கொள்கின்றன. தமிழ்பேசும் மக்களிடையேயும் அத்தகைய கட்டடமொன்று நெடுங்காலமாக நிலவிவருவதை நாம் மறந்துவிடுகின்றோம். அதுவே பரண். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் காடுமாக அமைந்த கோமாரி போன்ற ஊர்களில், யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் பயிரைக் காப்பவனுக்கு அதுவே இரவு வீடு.

சங்க இலக்கியம் இதனை இதணம் என்றும் கழுது என்றும் வழங்கும். குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும், புலியும் அஞ்சும் இதணத்தில் ஏறி, தழல், தட்டை, குளிர் முதலாய கருவிகளாற் கிளி கடிகின்றனர். ஆயின் நமது இரசனை விமர்சனம் இதணத்தைத் தலைவனும் தலைவியும் எதிர்ப்படுங் களமாகவே பெரிதுங் கண்டது. அச்சந்திப்புக்கு வாய்ப்பளித்தது தினைக்காவல் என்னும் உழைப்பே என்பது பின்தள்ளப்பட்டது. திணைக் கோட்பாட்டின் சமூக அடிப்படைகளைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆராய்ந்து காட்டிய பின்னரும் இப்பார்வை முற்றாக மறைந்துவிடவில்லை.

மரபுரிமை பேணலிலும் இதே குறைபாட்டினை நாம் காண்கின்றோம். சுற்றுலா விடுதி பரணின் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றது, காவலனை விட்டுவிடுகின்றது. சட்டமோ வடிவத்தைக்கூட ஏற்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதன சின்னத்திற்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2ஆம் திகதி. மீண்டும் மீண்டும் புதிதாகக் கட்டப்படும் பரண் அவ்வெல்லைக்குள் ஒருகாலும் அடங்காது. அதன் மரம் புதியது. அதைக் கட்டும் அறிவே பழையது.

யப்பானின் ஈசே ஆலயமும் கால்நட்டு உயர்த்தப்பட்ட மரக்கட்டடமே. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது புதிதாகக் கட்டப்படுகின்றது. 2013இலும் அவ்வாறு கட்டப்பட்டது. அங்கு பேணப்படுவது தச்சரின் கைத்திறன். அதற்கு வேண்டிய மரத்துக்காகக் காடும் வளர்க்கப்படுகின்றது. நமது உழவனுக்கோ அத்தகைய உரிமை இல்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியன எனக் கொண்டது. தலைமுறைகளாகக் கவர்க்கால் வெட்டிய காட்டிலே உழவன் அத்துமீறியவனானான். ஒரு சட்டம் பரணின் மூலப்பொருளைப் பறித்தது. நூறாண்டின் பின் வந்த மற்றொன்று அதற்கு வரலாற்றில் இடமளிக்க மறுத்தது. இரண்டுக்கும் உழைப்பவன் பொருட்டல்லன் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனால் பரணை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பது நமது கருத்தன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 150க்கு மேற்பட்ட மனிதர் யானைகளால் உயிரிழந்தனர்; 400க்கு மேற்பட்ட யானைகளும் மடிந்தன. இந்நிலையிற் பரணின் அழகை மட்டும் வியப்பது, கண்விழித்திருப்பவனின் அச்சத்தை வியப்பதாகும். உறுதியான வேலியும், நிலத்தின்மீது உரிமையும், அழிந்த பயிருக்கு இழப்பீடும் அவனுக்குக் கிடைத்துப் பரண் தேவையற்றுப் போகுமாயின் அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. கட்டும் முறையையும், அதற்குரிய சொற்களையும், பரணிலிருந்து எழுந்த பாடல்களையும் காவலரிடமிருந்தே கேட்டுப் பதிவுசெய்வது நமது கடன். அவன் வீட்டில் அச்சமின்றி உறங்கும் நாளிற் பரண் அருங்காட்சியகத்துக்குச் செல்லட்டும். அதற்கு முன்னர் அன்று.