ஒரு ஷில்லிங் வாசல்

1790-இல் திண்டுக்கல் மலைக்கோட்டை திப்புவின் கையைவிட்டுக் கும்பினியார் கைக்குப் போனது. அந்த மைசூர்ச் சண்டைகளை லண்டன்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை ராபர்ட் கெர் போர்ட்டர் மாபெரும் வளைவு ஓவியமாக்கி 1800-இல் லைசியம் அரங்கில் காட்டினார். அதற்கும் முன்பே, 1760களின் தொடக்கத்தில், கிளைவும் மீர் ஜாஃபரும் பிளாசியில் சந்திக்கும் காட்சியை பிரான்சிஸ் ஹேமன் தீட்ட, அது லண்டனின் வாக்ஸ்ஹால் கேளிக்கைத் தோட்டத்தில் தொங்கியது. தின்னவும் ஆடவும் வந்த கூட்டம் இந்தியாவையும் பார்த்துவிட்டுப் போயிற்று.

இத்தகைய லண்டன் கேளிக்கைத் தோட்டங்களைப் பற்றிய மூத்த நூல்களில் ஒன்று வார்விக் ராத் 1896-இல் எழுதியது. சுவையான வம்பு நிறைந்த புத்தகம். டேவிட் கோக்கும் ஆலன் போர்கும் 2011-இல் எழுதிய வாக்ஸ்ஹால் வரலாறு தொழில் நடந்த விதத்தையும் விரிவாகக் காட்டுகிறது. எனக்கு அதுவே பிடிக்கும். ஜோனதன் டையர்ஸ் வாக்ஸ்ஹாலை 1729-இல் குத்தகைக்கு எடுத்து, 1732-இல் புதுப்பொலிவோடு திறந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1792 வரை பெரும்பாலும் அதேதான். இருட்டியதும் ஒரு விசில். ஆட்கள் ஓடித் திரிகளைத் தொட, மரங்களிலிருந்த ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நொடியில் எரியும். பன்றித் தொடைக்கறியை அவ்வளவு மெலிதாகச் சீவுவார்களாம், அதனூடே செய்தித்தாள் படிக்கலாம் என்று கேலி. வாசலில் மலிவு, உள்ளே விலை: பொருட்காட்சிக்குப் போய் டெல்லி அப்பளம் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். பிரபுவும் கடைப்பையனும் ஒரே பாதையில் நடந்ததுதான் பலருக்கு அதிர்ச்சி. லண்டனின் இன்னொரு தோட்டமான ரானிலாவில் கட்டணம் இரண்டரை ஷில்லிங். கூட்டம் தானாகச் சலிக்கப்பட்டது.

இந்தக் கேளிக்கை சென்னைக்கு வந்தபோது விளக்கும் நடனமும் வந்தன, ஒரு ஷில்லிங் வாசல் வரவில்லை. எழும்பூரில் ஹால் ப்ளூமர் 1778-இல் பெற்ற 43 ஏக்கர், 1793-இல் இருபத்துநான்கு கனவான்கள் கொண்ட குழுவிடம் போனது. அந்த இடத்துக்கு வைத்த பாந்தியன் என்ற பெயரே லண்டன் கேளிக்கை மாளிகையின் நகல். ஆட்டம், விருந்து, நாடகம் எல்லாம் வெள்ளைக்காரர் வட்டத்துக்குள். எச்.டி. லவ் 1913-இல் தொகுத்த பழைய சென்னை வரலாற்றில் அதன் கைமாற்றங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன: 1821-இல் ஆர்மீனிய வணிகர் மூராட் வாங்கினார், 1830-இல் அரசு திரும்ப வாங்கியது, பிறகு அருங்காட்சியகம். பந்தம் பிடித்தவர்களும் தட்டு ஏந்தியவர்களும் அந்தப் பத்திரங்களில் இல்லை.

வாக்ஸ்ஹால் மூடப்பட்ட 1859-இலேயே கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், சென்னையில் மக்கள் பூங்காவைத் தொடங்கினார். குளங்கள், பேண்டு மேடை, மிருகக்காட்சிசாலை. பொதுசனம் மிருகக்காட்சிசாலையை உயிர்க் காலேஜ் என்றது, எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றது. ஆண்டு முடிவில் பூங்காவில் நடந்த பார்க் பேர் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதியது. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே பந்தல் பற்றி எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கீற்றும் விளக்கும் நெரிசலும் ஒரே இடத்தில். லண்டன் தோட்டங்களின் எண்ணெய் விளக்குகளை ரசித்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

வாக்ஸ்ஹாலின் உண்மையான வாரிசை நான் பாந்தியனில் தேட மாட்டேன். திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி மதுரை தமுக்கத்தில் இறங்கலாம். ராணி மங்கம்மாள் கட்டியதாகச் சொல்லப்படும் அரண்மனை. யானைச் சண்டை பார்க்கும் இடமாக இருந்ததாம். இப்போது அங்கே காந்தி அருங்காட்சியகம். பக்கத்து மைதானத்தில்தான் காலங்காலமாகச் சித்திரைப் பொருட்காட்சி நடந்துவந்தது: ராட்டினம், மரணக்கிணறு, அரசுத் துறை அரங்குகள், வளையல் கடை, டிக்கெட் கவுண்டரில் குழந்தைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்ற சண்டை.