கக்குவான் இருமலும் அதன் கணக்கும்

கக்குவான் இருமல் கைக்குழந்தைகளின் நோய் என்றே பொதுவாக அறியப்படுகிறது. மூச்சுவிட இடமின்றித் தொடரும் இருமலும், அதன் முடிவில் காற்றை உள்ளிழுக்கும்போது எழும் கூவல் ஒலியும், அதைத் தொடரும் வாந்தியும் குழந்தையிடம் தென்பட்டால் நோயை இனங்காண்பது கடினமன்று. ஆனால் 1906-இல் ஜூல் போர்தேயும் ஒக்தாவ் ழாங்குவும் பிரசெல்ஸ் நகரில் பிரித்தெடுத்த ‘போர்டெடெல்லா பெர்டுசிஸ்’ என்னும் பாக்டீரியா, சிறுவயதில் தடுப்பூசி பெற்றவர்களையோ முன்பே ஒருமுறை நோயுற்றவர்களையோ பதினைந்து, இருபது வயதில் தொற்றும்போது கூவல் ஒலி பெரும்பாலும் எழுவதில்லை. வாரக்கணக்கில் நீளும் வறட்டிருமல் மட்டுமே எஞ்சுகிறது. அத்தகைய இருமலோடு மருத்துவரிடம் செல்வோர் சிலர், செல்வோரில் பரிசோதிக்கப்படுவோர் அவர்களினும் சிலர், பரிசோதிக்கப்பட்டோரில் அரசுப் பதிவேட்டை எட்டுவோர் இன்னும் சிலர் என்பதால், பதிவேட்டின் எண்ணிக்கை நோயின் அளவைக் காட்டுவதினும் மருத்துவரின் ஐயத்தையும் பரிசோதனை வசதியையுமே மிகுதியாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் 1976-இல் வெறும் 1,010 என்று பதிவான நோயாளர் தொகை 2004-இல் 25,827 ஆகவும் 2012-இல் 48,277 ஆகவும் உயர்ந்ததில், நோய் பெருகியதன் பங்கு எவ்வளவு, தேடல் பெருகியதன் பங்கு எவ்வளவு என்பதைப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பவே வளரிளம் பருவத்தினரிடமும் இளம் வயதினரிடமும் தொற்றின் அளவை மதிப்பிடும் ஆய்வுகள் தோன்றின. அவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் அவை தரும் எண்கள் ஒன்றோடொன்று பத்து மடங்கும் நூறு மடங்கும் வேறுபடுவதால், அவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வது, எந்த எண் சரி என்று கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டிய பணியாகிறது.

முதல் வேறுபாடு பரிசோதனையில் தொடங்குகிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து எடுக்கும் சளியில் பாக்டீரியாவை வளர்த்துக் காணும் முறை ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் இருமல் தொடங்கி இரண்டு வாரம் கடந்தபின் அது பெரும்பாலும் பலன் தராது என்பதாலும், இளைஞர்கள் மருத்துவரை நாடுவதே அதன் பிறகுதான் என்பதாலும், இம்முறை இவ்வயதினரைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. பாக்டீரியாவின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை இன்னும் சில நாள் கூடுதலாகக் கைகொடுக்கும். ஆனால் அது வழக்கமாகத் தேடும் மரபணுத் தொடர் ஒரே பாக்டீரியாவில் பல பத்துப் படிகளாக இருப்பதால், ஆய்வகத்தில் சிந்திய மிகச் சிறு மாசுகூட நோயாகத் தோன்றிவிடும். 2006-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்களுக்குக் கக்குவான் இருமல் என்று பி.சி.ஆர். முடிவைக் கொண்டு அறிவித்து, ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பரிசோதித்து, ஆயிரக்கணக்கானோருக்குத் தடுப்பூசி போட்ட பின்னர், ஒருவரிடமிருந்தும் பாக்டீரியாவை வளர்த்தெடுக்க முடியாமற்போய், அது நோய்ப் பரவலே அன்று என்ற முடிவு எட்டப்பட்டது. இல்லாத நோயையும் எண்ணிவிடக் கூடிய கருவி இது என்பதை, குறைவான எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே கவலைப்படுவோர் மறந்துவிடுகின்றனர்.

காலந்தாழ்ந்து வருவோருக்குப் பொருந்துவது குருதிநீர்ச் சோதனை. தொற்று ஏற்பட்டு இரண்டு, மூன்று வாரங்களில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், அதாவது கிருமியின் குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் காப்புப் புரதம், குருதிநீரில் உயர்ந்து, பின்னர் மாதங்கள் செல்லச்செல்லக் குறைகிறது. எந்தப் புரதத்திற்கு எதிரானதை அளப்பது என்பது இங்கே முக்கியம். ‘பெர்டுசிஸ் நச்சு’ இந்தப் பாக்டீரியா மட்டுமே சுரப்பது. இழைப் புரதம் முதலிய பிற கூறுகளை ஒத்தவை இதன் உறவுக் கிருமிகளிலும் வேறு சில சுவாசக் கிருமிகளிலும் உள்ளன. கலிபோர்னியாவில் 51 மருத்துவப் பணியாளரின் குருதிநீரை ஐந்தாண்டு தொடர்ந்து அளந்த ஆய்வில் 90 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு கூறுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஓர் ஆண்டிலிருந்து மறு ஆண்டுக்கு உயர்ந்திருந்தது என்ற புகழ்பெற்ற முடிவைப் படிக்கும்போது, ‘ஏதேனும் ஒரு கூறு’ என்னும் சொற்களுக்கு உரிய எடை தரப்பட வேண்டும். நச்சுக்கு எதிரானதை மட்டும் அளக்கும் பிற்கால வழக்கம் இவ்வகையில் தெளிவான முன்னேற்றம்.

இருமலோடு வருவோரைப் பரிசோதிக்கும் ஆய்வுகள் இம்மதிப்பீடுகளில் ஒரு பெரும்பிரிவு. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு நாளோ அதற்கு மேலோ இருமிய 130 மாணவரை முப்பது மாதக் காலத்தில் ஆராய்ந்து 1992-இல் வெளியான கட்டுரை, அவர்களில் 26 விழுக்காட்டினரிடம் தொற்றின் சான்றைக் கண்டது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமிய, ஐந்து முதல் பதினாறு வயதுக்குட்பட்ட 172 பேரில் 37 விழுக்காட்டினருக்கு அண்மைத் தொற்றின் சான்று இருந்ததாகவும், அவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் தடுப்பூசியை முழுமையாகப் பெற்றவர்கள் என்றும் 2006-இல் வெளியான ஆய்வு கூறியது. நீடித்த இருமலுக்கு ஆஸ்துமா மருந்தோ பயனற்ற நுண்ணுயிர்க்கொல்லியோ எழுதிவிடும் மருத்துவருக்கு இத்தகைய ஆய்வு அளிக்கும் அறிவு பெரிது. ஆனால் இவை தருவது இருமலில் கக்குவானின் பங்கு. மக்கள்தொகையில் கக்குவானின் அளவு அன்று. மருத்துவரிடம் வராத இருமல் இதில் இல்லை. எத்தனை நாள் இருமினால் சேர்ப்பது என்ற விதி மாறினால் விழுக்காடும் மாறும். மேலும் நோய் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொங்கித் தணிவது என்பதால், பொங்கும் ஆண்டில் நடத்திய ஆய்வு தணியும் ஆண்டுக்குப் பொருந்தாது.

இக்குறையை உணர்ந்து, மக்கள்தொகையின் அடிப்படையில் கணக்கிட்ட ஆய்வுகளும் உண்டு. மினசோட்டாவில் 1995-96-இல் பத்து முதல் 49 வயது வரையுள்ளோரிடம் நடந்த ஆய்வு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 507 என்று கணித்தது. இவற்றுள் கூர்ந்து பார்க்கத்தக்கது, 2005-இல் முடிவுகள் வெளியான அமெரிக்கத் தடுப்பூசிச் சோதனை. பதினைந்து முதல் 65 வயது வரையுள்ள 2,781 நலமான தன்னார்வலரில் பாதிப்பேருக்கு, முழுக் கிருமியின்றி அதன் சில கூறுகளை மட்டும் கொண்ட செல்லில்லாக் கக்குவான் தடுப்பூசியும், ஒப்பீட்டுக்காக மீதிப்பேருக்குக் கல்லீரல் அழற்சித் தடுப்பூசியும் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விசாரித்து, ஐந்து நாளுக்கு மேற்பட்ட இருமல் ஒவ்வொன்றையும் சோதித்தனர். கக்குவான் தடுப்பூசி பெறாத பிரிவில் நோய் அளவு ஒரு லட்சம் பேர்-ஆண்டுக்கு 370 முதல் 450 வரை என்று கணிக்கப்பட்டது. ‘பேர்-ஆண்டு’ என்பது ஒருவரை ஓராண்டு கண்காணித்த காலம். அந்த நோய் அளவை நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கியதில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் நோயாளர் என்ற எண் பிறந்து, பின்வந்த கட்டுரைகளிலும் தடுப்பூசிப் பரிந்துரைகளிலும் வேரூன்றியது.

ஆய்வின் வடிவம் இத்துறையில் மிகச் சிறந்தது. இருமலைத் தேடிச் சென்றது, மருத்துவரிடம் வந்தோரை மட்டும் நம்பவில்லை. ஆனால் முதன்மை வரையறைப்படி அதில் உறுதியான நோயாளர் மொத்தம் பத்துப் பேர். அவர்களில் ஒன்பது பேர் அத்தடுப்பூசி பெறாத பிரிவினர். ஒன்பது என்ற எண்ணிக்கைக்குப் புள்ளியியல் தரும் 95 விழுக்காட்டு நம்பக எல்லை ஏறத்தாழ நான்கு முதல் பதினேழு வரை என்பதால், பத்து லட்சம் என்பது ஐந்து லட்சத்துக்கும் குறைவாக இருக்கலாம், இருபது லட்சத்தை நெருங்கவும் செய்யலாம். எல்லையை விட்டுவிட்டு நடுப்புள்ளியை மட்டும் எடுத்துச் சென்றவர்கள் ஆய்வாளரினும் அதை மேற்கோள் காட்டியோரே எனலாம். இன்னொரு முரணும் கவனிக்கத்தக்கது. அதே ஆய்வில் இருமியோரில் கக்குவான் தொற்றுக்குரியோர், வரையறைக்கும் இருமலின் நீட்சிக்கும் ஏற்ப, 0.7 முதல் 5.7 விழுக்காடு மட்டுமே. லாஸ் ஏஞ்சலிஸின் 26 விழுக்காட்டுக்கும் இதற்கும் உள்ள தொலைவு, யாரைத் தேர்ந்தெடுப்பது, எதைச் சான்றாகக் கொள்வது என்னும் இரண்டில் பெரும்பங்கு அடங்கிவிடுகிறது.

இருமலையே கேட்காமல் பொதுமக்களின் குருதிநீரை மட்டும் அளக்கும் முறை மூன்றாவது. நெதர்லாந்தில் 1995-96-இல் திரட்டிய குருதிநீரைக் கொண்டு, மூன்று முதல் 79 வயது வரையுள்ளோரில் ஆண்டுக்கு 6.6 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்படுவதாகக் கணித்தனர். பதிவேட்டின்படியோ அது 0.01 விழுக்காடு. அறுநூறு மடங்குக்கு மேற்பட்ட இவ்விடைவெளியைக் கண்டு பதிவேடு பொய் என்று முடிவு கட்டுவது அவசரம். பதிவேடு எண்ணுவது நோயை. குருதிநீர் எண்ணுவது தொற்றை. இருமாமலே தொற்றைக் கடந்துவிட்டவரும் பின்னதில் அடங்குவர்.

அன்றியும், ஒரு நாளில் எடுத்த குருதிநீரிலிருந்து ஓர் ஆண்டின் தொற்றைக் கணிக்க, உயர்ந்த எதிர்ப்பொருள் எத்தனை மாதம் உயர்ந்தே நிற்கும் என்ற ஊகம் தேவை. எல்லை அளவைக் கடந்தோர் நூற்றுக்கு ஐவர் என்று கொண்டால், அது சராசரி ஆறு மாதம் நீடிப்பின் ஆண்டுத் தொற்று பத்து விழுக்காடு. ஓராண்டு நீடிப்பின் ஐந்தே. அந்தத் தேய்வு வேகத்தை நோயுற்று உறுதிசெய்யப்பட்டவர்களைத் தொடர்ந்து அளந்தே அறிந்தனர். அறிகுறியற்ற தொற்றில் எதிர்ப்பொருள் அவ்வாறே உயர்ந்து அவ்வாறே தேயும் என்பதற்கு உறுதியில்லை. முறையின் மெலிந்த மூட்டு இதுவே. மற்றக் குறைகள் இதனோடு ஒப்பிடச் சிறியவை.

அதே முறையின் வலிமை வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. நெதர்லாந்தில் 2006-07-இல் மீண்டும் அளந்தபோது, ஒன்பது வயதுக்கு மேற்பட்டோரில் நச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 62.5 அலகைக் கடந்தவர்கள், அதாவது கடந்த ஓராண்டில் தொற்றியிருக்கக் கூடியவர்கள், 4.0 விழுக்காட்டிலிருந்து 9.3 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். இரு முறையும் எல்லை ஒன்று, நாடு ஒன்று. தேய்வு பற்றிய ஊகம் பிழையானாலும் அப்பிழை இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். அந்நாட்டுப் பதிவேட்டில் கண்ட உயர்வு பரிசோதனைப் பெருக்கத்தின் மாயமன்று என்பதை இது நிறுவியது. மொத்தத் தொகையைச் சொல்லும்போது தடுமாறும் ஒரு முறை, போக்கைச் சொல்லும்போது நம்பத்தக்கதாகிறது.

அம்முறைக்கும் இன்று ஓர் இடையூறு நேர்ந்துள்ளது. செல்லில்லாத் தடுப்பூசிகள் அனைத்திலும் செயலிழக்கச் செய்த பெர்டுசிஸ் நச்சு இருப்பதால், அண்மையில் ஊசி பெற்றவரின் எதிர்ப்பொருளைத் தொற்றின் எதிர்ப்பொருளிலிருந்து பிரித்தறிய இயலாது. அமெரிக்கா 2005 முதல் 11, 12 வயதில் ஊக்கத் தவணையைப் பரிந்துரைத்தது. அதன் காப்பு வாஷிங்டன் மாநிலத்தில் முதலாண்டில் 73 விழுக்காடாக இருந்து, இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் 34 விழுக்காடாகச் சரிந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு கண்டது. அளக்க வேண்டிய தேவை மிகுந்த வயதில்தான் அளவுகோல் மழுங்குகிறது.

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் கக்குவான் கூறு ஐந்து வயதுத் தவணையோடு முடிந்துவிடுகிறது. 10, 16 வயதுகளில் தரப்படும் ‘டிடி’ ஊசியில் தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகிய இரண்டுக்கு மட்டுமே காப்பு உண்டு. ஆகவே தனியார் மருத்துவரிடம் கக்குவான் கூறுள்ள ஊசி பெற்றவர்களை விலக்கிவிட்டால், பதினைந்து வயது மாணவரின் குருதிநீரில் நச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் உயர்ந்திருப்பதற்குத் தொற்றைத் தவிர வேறு காரணம் காட்டுவது அரிது. வளரிளம் பருவத் தவணை வேண்டுமா என்ற விவாதம் இங்கே எழுமாயின், தவணையைத் தொடங்குவதற்கு முன்பே, ஒரே சோதனை, ஒரே எல்லை அளவு, சில ஆண்டு இடைவெளியில் இரு சுற்று என்ற முறையில் அளந்துவிட வேண்டும். தொடங்கியபின் அந்த வாய்ப்பு மீளாது.