ஸ்டார்லட்டுக்கு முதல் செலவு இன்டர்கூலர்

நுரைச்சோலை வெயிலில் டர்போ கார் ஓட்டுகிறவனுக்கு ஒரே ஒரு சாமான் வாங்கித் தரச் சொன்னால், யோசிக்கவே மாட்டேன், முன்பக்க இன்டர்கூலர்தான். பெரிய டர்போ வேண்டாம், கேம் வேண்டாம், ஊரையே எழுப்பும் சைலன்சரும் வேண்டாம்.

என்னுடையது ஈபி82 ஸ்டார்லட். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் இந்தப் பழைய டொயோட்டாக்களுக்கு வந்த கிராக்கி எல்லோருக்கும் தெரியும். புதுக் கார் கனவை விட்டுவிட்டு, பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்த 4ஈ-எஃப்டிஈ எஞ்சினை இறக்கினேன். 1331 சிசி, தொழிற்சாலைக் கணக்கில் 135 குதிரைவலு. வண்டியோ ஒரு டன் கூட வராது. அந்தக் கணக்கை நினைத்தாலே வலது கால் துடிக்கும்! (எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் ரோட்டில் இறக்காதீர்கள்.)

இந்த எஞ்சினோடு வரும் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கும். டர்போ மாடலின் பொனட்டில் அதற்கென்று காற்றுவாய் உண்டு. சாதா ஸ்டார்லட்டில் ஏது? கொதிக்கிற எஞ்சின்மேல் கிடந்து அதுவும் சேர்ந்து கொதிக்கும். 33 பாகைக் காற்றை 0.8 பார் அழுத்தினால் டர்போவை விட்டு வரும்போதே 100 பாகையைத் தாண்டிவிடும். காற்று சூடானால் ஒட்சிசன் குறையும். 95 ஒக்டேன் அடித்தாலும் எஞ்சின் தட்டத் தொடங்கும். தட்டினால் ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், கொடுத்த காசெல்லாம் காற்றோடு போகும்.

"பம்பரை வெட்டியே ஆகணுமா நானா?" என்று முன்பக்க இன்டர்கூலர் பூட்டப் போனபோது கராஜ்காரரிடம் கேட்டேன்.

"வெட்டாம காத்து எந்தப் பக்கத்தால போறது தம்பி?"

வெட்டினார். அப்பப்பா, அது வேறு கார்! முழு ஓட்டம் ஓடி நிறுத்தியதும் பொனட்டைத் திறந்து பாருங்கள். டர்போ பக்கத்துக் குழாயில் விரல் வைக்க முடியாது. த்ரொட்டில் பக்கத்துக் குழாயை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நிற்கலாம். முன்பெல்லாம் இரண்டாவது ஓட்டத்திலேயே மூச்சு வாங்கும் வண்டி, இப்போது அடுத்தடுத்து அதே வேகத்தில் பாய்கிறது.

பெரிய டர்போ போடச் சொல்லும் மச்சான்மாருக்கு நான் காட்டுவது நம்மூர் லக்விஜய மின்நிலையத்தை. அங்குள்ள டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே நாள் முழுக்க ஓடலாம். நம்ம காருக்கு அந்த வாழ்வு இல்லை. பாலாவி-கற்பிட்டி வீதியில் வெங்காய மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டருக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, சட்டென்று முந்த வேண்டும். 1.3 லீட்டர் எஞ்சினில் பெரிய டர்போ 4500 சுற்றுக்கு மேல்தான் கண் விழிக்கும். அதற்குள் எதிரே லொறி வந்துவிடும். இந்த எஞ்சினோடு வரும் சின்ன சிடி9 டர்போ 3000 சுற்றிலேயே இழுக்கிறதே, ரோட்டுக்கு அந்த இழுவை போதாதா? டிராக் ரேஸின் 402 மீட்டரிலும் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்குப் பிறகும் காத்திருக்காத எஞ்சின்தான் எனக்குப் பிடித்தது.

இன்டர்கூலருக்கு அடுத்தது பெற்றோல் பம்ப், பிறகு ட்யூன் பண்ணக்கூடிய ஈசியூ. காற்றைக் கூட்டிவிட்டுப் பெற்றோலைக் கூட்டாதவனின் பிஸ்டன் உருகும். காற்று-பெற்றோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் பூஸ்ட்டைத் தொடவே கூடாது. கிளட்சில் ரேஸ் பிளேட் போட்டால் புத்தளம் டவுன் நெரிசலில் இடது கால் போய்விடும், கொஞ்சம் கனமான சாதா பிளேட்டே போதும். ஃபில்டரைத் திறந்து போடுவது படத்துக்கு அழகு. இந்தக் கடற்கரை மணலுக்கு மூடிய பெட்டிதான் சரி. உப்புக் காற்று இன்டர்கூலரின் மெல்லிய தகட்டைத் தின்னும் என்பதால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன்.

இப்போது ஒரே குறை, புறப்படும்போது எடை பின்னுக்குச் சாய்ந்து முன்சக்கரம் ஒன்று வீணாகச் சுற்றுகிறது. ஆகவே அடுத்த காசு, அந்த வீண் சுற்றைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி டிஃபரென்ஷியலுக்கு. மச்சான்மார் இன்னமும் டர்போ, டர்போ என்றுதான் நச்சரிக்கிறார்கள்.